பெயரும் பொதியும்
ஜாவா மொழியின் பெயர் முறைமை பற்றி ஒரு விமர்சன நோக்கு

கணனி மொழி ஒன்றைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இத்தகைய கட்டுரைக்கு இடமுண்டா என்ற வினாவும் எழலாம். ஆயின் கணனி மொழியும் மொழியே. அதற்கும் எழுத்துண்டு, சொல்லுண்டு, தொடருண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக இலக்கணமுண்டு. பெயருக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள உறவை ஆராய்வது மொழி பயில்வோரின் தொழிலாயின், அவ்வுறவு மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாகும் ஓரிடத்தை அவர்கள் புறக்கணித்தல் ஆகாது. இயற்கை மொழியில் ஒரு சொல் இரு பொருள்பட நின்றால் கேட்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். கணனிக்கு அந்த ஆற்றல் இல்லை. அதற்கு விதி வேண்டும். அந்த விதியை வகுப்போர் யார், அது யாருக்கு உதவுகிறது, யாரை ஏமாற்றுகிறது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

விருப்பப் பாடமாகக் கணனியியலைப் பயின்ற காலத்தில், சிறிய நூற்பட்டியல் ஒன்றைத் திரையிற் காட்டும் செய்நிரலை எழுத முயன்றேன். திரையில் வரைவதற்கு வேண்டியவற்றை ஒரு பாடக்குறிப்பிலிருந்தும், நூல்களை வரிசையில் வைப்பதற்கு வேண்டியவற்றை மற்றொரு குறிப்பிலிருந்தும் எடுத்து ஒன்றாக்கினேன். இரண்டும் தனித்தனியே பிழையற்றவை. ஒன்று சேர்ந்தபோது ‘லிஸ்ற்’ என்னும் பெயர் ஐயத்துக்கிடமானது என்று கணனி கூறி நின்றுவிட்டது. இரு குறிப்புகளிலும் தவறில்லை. நானும் புதிதாக எதனையும் எழுதவில்லை. அப்படியாயின் வழு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடியபோதுதான், இது என் ஒருவனுடைய கவனக்குறைவு அன்று, மொழியின் அமைப்பிலேயே உள்ள ஒரு முரண்பாடு என்பது தெரியவந்தது.

முதலிற் சில அடிப்படைகளை நோக்குவோம். ஜாவா மொழியில் எழுதப்படும் செய்நிரல் வகுப்புகளால் ஆனது. வகுப்புகள் பொதிகளில் அடங்கும். ஆகவே ஒவ்வொரு வகுப்புக்கும் இரு பெயர்கள் உள. பொதியின் பெயரோடு சேர்ந்து வருவது முழுப்பெயர்; பொதியை விட்டுத் தனித்து வருவது எளிய பெயர். ‘ஜாவா.யூற்றில்.லிஸ்ற்’ என்பது முழுப்பெயர். ‘லிஸ்ற்’ என்பது எளிய பெயர். முழுப்பெயர் எப்போதும் ஒன்றையே சுட்டும். எளிய பெயரோ எந்தப் பொதியைச் சார்ந்தது என்பதை வேறெங்காவது சொல்லியாக வேண்டும். அதனைச் சொல்லுமிடம் கோப்பின் தலைப்பில் வரும் இறக்குமதிக் கூற்று. அது இருவகைப்படும். குறித்த ஒரு வகுப்பைப் பெயர் சொல்லி அழைப்பது தனிப்பெயர் இறக்குமதி. பொதியின் பெயரை எழுதி இறுதியில் உடுக்குறி இட்டு, ‘இப்பொதியில் உள்ள எதனையும் தேவைப்படும்போது எடுத்துக்கொள்க’ எனக் கூறுவது உடுக்குறி இறக்குமதி. இவ்விரண்டுக்கும் புறம்பாக, எவரும் எழுதாமலே எல்லாக் கோப்புகளிலும் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் இறக்குமதி ஒன்றுண்டு. ‘ஜாவா.லாங்’ என்னும் பொதியின் வகுப்புகள் அனைத்தும் அவ்வாறு சொல்லாமலே வந்து நிற்கின்றன. இதனைத் தொக்கு நிற்கும் இறக்குமதி எனலாம். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நின்று பொருள் தருவது போல, இங்கு இறக்குமதிக் கூற்று மறைந்து நின்று பொருள் தருகிறது.

இறக்குமதி என்ற சொல்லைக் கண்டு, எங்கோ உள்ள சரக்கு நம் கோப்புக்குள் கொண்டுவரப்படுகிறது என்று எண்ணுதல் தவறு. எதுவும் கொண்டுவரப்படுவதில்லை. தொகுப்பி நமது கோப்பை வாசித்து இயந்திரத்துக்குரிய வடிவத்தை ஆக்கும்போது எளிய பெயர்கள் யாவற்றையும் முழுப்பெயர்களாக மாற்றிவிடுகிறது. அவ்வடிவத்தில் இறக்குமதிக் கூற்றின் சுவடே இல்லை. இயந்திரம் முழுப்பெயரையன்றி வேறொன்றையும் அறியாது. எனவே இறக்குமதி என்பது இயந்திரத்தின் பொருட்டு ஏற்பட்டதன்று. எழுதுவோர், வாசிப்போர் ஆகிய மனிதரின் பொருட்டு ஏற்பட்டது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டே பின்வரும் ஆராய்ச்சி அமைகிறது. மனிதருக்காக ஏற்பட்ட ஒரு வசதியை மனிதருக்கு அது எவ்வளவு தெளிவைத் தருகிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

வரலாற்றை நோக்குவோம். 1996 ஆம் ஆண்டில் ஜாவாவின் முதலாம் பதிப்பு வெளிவந்தபோது, திரையில் தெரிவுப் பட்டியல் ஒன்றைக் காட்டும் வகுப்புக்கு ‘லிஸ்ற்’ என்று பெயரிட்டனர். அது ‘ஜாவா.ஏ.டபிள்யூ.ரி’ என்னும் பொதியில் இருந்தது. அக்காலத்தில் அப்பெயருக்கு வேறு உரிமையாளர் இல்லை. 1998 டிசெம்பரில் 1.2 ஆம் பதிப்பு வந்தது. பொருள்களைத் தொகுத்து வைப்பதற்கான புதிய ஏற்பாடுகள் ‘ஜாவா.யூற்றில்’ பொதியிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் வரிசைத் தொகுதிக்கு இடப்பட்ட பெயரும் ‘லிஸ்ற்’ என்பதே. அதற்கு முன்னர் எழுதப்பட்ட செய்நிரல்களுள், இரு பொதிகளையும் உடுக்குறி கொண்டு இறக்குமதி செய்து திரைப் பட்டியலை எளிய பெயரால் அழைத்தவை யாவும், ஓரெழுத்தும் மாறாதிருக்கவே, புதிய தொகுப்பியின் முன் வழுவுடையன ஆயின. நேற்று வழாநிலையாய் இருந்தது இன்று வழுவாயிற்று. முன்னரே தொகுக்கப்பட்டிருந்தவையோ எவ்வித இடையூறுமின்றி இயங்கின. அவற்றில் முழுப்பெயர்கள் இருந்தமையே அதற்குக் காரணம்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? பெயர் முரண்பாடு என்பது எழுதுபவனுடைய அறியாமையால் மட்டும் தோன்றுவதன்று, காலத்தாலும் தோன்றுவது. உடுக்குறி இறக்குமதியை எழுதுபவன் தன் முன்னே உள்ள பொதியை மட்டும் ஏற்கவில்லை. அப்பொதிக்குள் இனிமேல் எவரெவர் எதனைச் சேர்த்தாலும் அதனையும் ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிடுகிறான். எல்லை குறிக்கப்படாத காணிக்கு உறுதி எழுதியவனின் நிலை அது. தனிப்பெயர் இறக்குமதியில் இந்த இடர் இல்லை. அங்கே பெயரும் பொருளும் எழுதும் நாளிலேயே பிணைக்கப்பட்டுவிடுகின்றன. கூகுள் நிறுவனம் தன் ஜாவா எழுத்து நெறிமுறையில் உடுக்குறி இறக்குமதியை முற்றாக விலக்கியிருப்பது இந்நோக்கில் விளங்கிக்கொள்ளத் தக்கதே.

பெயர்கள் மோதும்போது மொழி என்ன செய்கிறது என்பதை அடுத்து நோக்குதல் வேண்டும். ஜாவாவின் விதிகளைப் படிவரிசையாக வகுத்துக் காட்டலாம். கோப்பில் தனிப்பெயரால் இறக்குமதி செய்யப்பட்டது முதலில் நிற்கும். அதே பொதியில் அயற்கோப்புகளில் உள்ள வகுப்புகள் அதற்கு அடுத்த படியில் நிற்கும். உடுக்குறியால் வந்தவையும் ‘ஜாவா.லாங்’ வகுப்புகளும் அதற்குக் கீழே, ஒரே படியில் நிற்கும். மேற்படியில் உள்ளது கீழ்ப்படியில் உள்ளதை மறைத்துவிடும். ஒரே படியில் இரண்டு மோதினால் மட்டுமே தொகுப்பி வழு எனக் கூறும். அதிலும் உடுக்குறிப் படியில் மோதல் இருப்பினும், அப்பெயரை நாம் பயன்படுத்தும் வரையில் தொகுப்பி வாய் திறவாது.

ஆகவே முரண்பாடுகள் இருவகையின. ஒன்று அறிவிக்கப்படும் முரண்பாடு. மற்றையது மறைக்கப்படும் முரண்பாடு. மாணவர் அஞ்சுவது முன்னதற்கு. அஞ்ச வேண்டியதோ பின்னதற்கு. ‘லிஸ்ற்’ பற்றிய வழு எனக்கு ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியது. ஆனால் அது உண்மையைச் சொல்லிற்று. மறைப்பு விதி உண்மையைச் சொல்வதில்லை.

எடுத்துக்காட்டொன்று காண்போம். வீணையைப் பற்றிய செய்நிரல் ஒன்றை எழுதும் இசை மாணவர், தந்தியைக் குறிக்கும் வகுப்பொன்றுக்கு ஆங்கில வழக்குப்படி ‘ஸ்ற்றிங்’ என்று பெயரிடுகிறார் எனக் கொள்வோம். அது இயல்பான பெயரே. ஆயின் எழுத்துத் தொடரைக் குறிக்கும் ‘ஸ்ற்றிங்’ என்ற வகுப்பு ‘ஜாவா.லாங்’ பொதியில் ஏற்கெனவே உண்டு. மாணவரின் வகுப்பு அவரது சொந்தப் பொதியில் இருப்பதால் மேற்படியில் நின்று மற்றதை மறைத்துவிடும். செய்நிரலின் தொடக்க வாயிலாகிய ‘மெயின்’ என்னும் செயற்கூறு ‘ஸ்ற்றிங்’ வரிசை ஒன்றை ஏற்பதாக எழுதப்படுவது வழக்கம். இப்போது அது எழுத்துத் தொடர்களின் வரிசையன்று, வீணைத் தந்திகளின் வரிசை. வேறு தவறு இல்லையெனில் தொகுப்பி இதனைத் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். இயக்க முற்படும்போதுதான், அத்தகைய தொடக்க வாயில் காணப்படவில்லை என்ற செய்தி வரும். மாணவரோ அது தம் கண் முன்னே எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறார். எழுத்தில் உள்ளது பொருளில் இல்லை. அவர் தேட வேண்டிய இடம் அக்கோப்பே அன்று. அயலில் உள்ள மற்றொரு கோப்பு.

இதனினும் நுட்பமான இடர் ‘டேற்’ என்னும் வகுப்பினால் வருவது. ‘ஜாவா.யூற்றில்’ பொதியில் உள்ள ‘டேற்’ ஒரு கணத்தைக் குறிப்பது. பெயர் திகதியாயினும் அது நேரத்தையும் உட்கொண்டது. தரவுத்தளங்களோடு உறவாடும் ‘ஜாவா.எஸ்.கியூ.எல்’ பொதியிலும் ஒரு ‘டேற்’ உண்டு. பின்னது முன்னதன் வழிவந்த வகுப்பு. அச்சிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்பவற்றை மட்டுமே காட்டும். நூல் இரவல் கொடுத்த நேரத்தைப் பதியும் செய்நிரல் ஒன்று உடுக்குறியால் ‘ஜாவா.யூற்றில்’ பொதியை இறக்குமதி செய்து, மில்லிசெக்கன் கணக்கிலிருந்து ‘டேற்’ ஒன்றை ஆக்கிக் காட்டுகிறது என்க. பின்னொரு நாள் மற்றொருவர் அதே கோப்பில் தரவுத்தளத்துக்கு வேண்டிய ‘டேற்’ வகுப்பைத் தனிப்பெயரால் இறக்குமதி செய்கிறார். அந்த ஒரு வரி, கோப்பிலுள்ள ‘டேற்’ என்ற சொல் ஒவ்வொன்றின் பொருளையும் மாற்றிவிடுகிறது. மில்லிசெக்கனிலிருந்து ஆக்கும் முறை இரு வகுப்புகளுக்கும் பொதுவாதலின் தொகுப்பி குறைகூறாது. செய்நிரல் இயங்கும். ஆனால் அன்றிலிருந்து மணியும் நிமிடமும் தாளில் வாரா. இரவல் எடுத்தவர் பிந்தினாரா இல்லையா என்ற வழக்கில் சான்று மறைந்துவிடும். எவரும் பொய் சொல்லவில்லை; பெயர் மட்டும் தன் பொருளை மாற்றிக்கொண்டது.

நமது இலக்கண மரபு இவ்விடத்தில் ஒரு தெளிவைத் தருகிறது. அடைமொழியை இலக்கணகாரர் இனமுள்ளது, இனமில்லாதது என இருவகையாக நோக்கினர். செந்தாமரை என்னும்போது, வெண்டாமரையும் உண்மையால், அவ்வடை ஓர் இனத்திலிருந்து மற்றதைப் பிரிக்கிறது. செஞ்ஞாயிறு என்னும்போது வேறு நிற ஞாயிறு இன்மையால் அடை பிரிக்கும் தொழிலைச் செய்யவில்லை. பொதியின் பெயர் வகுப்புக்கு அடையாவது போல்வது. இனம் இல்லாதபோது அதனை விடலாம். இனம் தோன்றியபின் விடுதல் ஆகாது. 1996 இல் ‘லிஸ்ற்’ ஞாயிறு போன்றது. 1998 இல் அது தாமரை போன்றதாயிற்று. இனம் எப்போது தோன்றும் என்பதை எழுதுபவன் முன்னறிய முடியாது என்பதே கணனி மொழியின் தனிச் சிக்கல்.

இனி, தொக்கு நிற்கும் இறக்குமதியை விமர்சிப்போம். ‘ஜாவா.லாங்’ பொதிக்கு இச்சலுகை அளிக்கப்பட்டதன் காரணம் வெளிப்படை. எழுத்துத் தொடர், எண், பொருள் என்பன இல்லாமல் எச்செய்நிரலையும் எழுத முடியாது. ஒவ்வொரு கோப்பிலும் அவற்றை அழைக்க வேண்டுமெனின் அது வீண் சடங்காகும். மேலும், மொழியை வகுத்தோர் இச்சலுகையில் ஓர் அடக்கத்தைக் காட்டியுள்ளனர் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ‘ஜாவா.லாங்’ வகுப்புகளுக்கு அவர்கள் உயர்ந்த படியைக் கொடுக்கவில்லை. எழுதுபவன் தன் பொதியில் ஆக்கிய பெயரும், தனிப்பெயரால் அழைத்த பெயரும் அவற்றை வெல்லும். மொழி தன் சொற்களை எழுதுபவன்மீது திணிக்கவில்லை. அவனுக்கு வழிவிட்டு நிற்கிறது. இது பாராட்டத்தக்கது.

ஆயின் குறையும் அங்கேயே உள்ளது. சலுகை பெற்ற பொதி வரையறுக்கப்பட்ட ஒன்றன்று. பதிப்புக்குப் பதிப்பு வளர்வது. அதிற் சேரும் பெயர்களோ பெரும்பாலும் பொதுச் சொற்கள். 2017 இல் ஒன்பதாம் பதிப்புடன் ‘மொடியூல்’ என்ற வகுப்பு அங்கு இடம்பெற்றது. கல்வி நிறுவனங்களுக்கான செய்நிரல்களில் பாட அலகைக் குறிக்க அப்பெயரைத் தெரிவது எவ்வளவு இயல்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 இல் பதினாறாம் பதிப்புடன் ‘ரெக்கோட்’ என்ற வகுப்பு நிலைபெற்றது. பதிவேடு எதனையும் கையாளும் செய்நிரலில் அப்பெயர் இருத்தல் கூடும். தன் ‘ரெக்கோட்’ வகுப்பை வேறொரு பொதியில் வைத்து அதனை உடுக்குறியால் அழைத்தவனுக்கு, புதிய பதிப்புக்கு மாறிய அன்றே அப்பெயர் ஐயத்துக்கிடமாகிவிட்டது. அவன் எழுதிய இறக்குமதி ஒன்று. அவன் எழுதாத இறக்குமதி மற்றொன்று. இரண்டும் ஒரே படியில் நின்று மோதுகின்றன. வழக்கில் ஒரு தரப்பு கண்ணுக்குத் தெரியாததாய் இருக்கும்போது தொடக்க மாணவன் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வான்?

முரண்பாடு எழுந்தபின் மொழி தரும் பரிகாரமும் குறையுடையது. இரு ‘டேற்’ வகுப்புகளும் ஒரே கோப்பில் வேண்டுமெனின், ஒன்றை எளிய பெயரால் அழைத்து மற்றதை ஒவ்வொரு முறையும் முழுப்பெயரால் எழுதுவதே வழி. கொட்லின், பைதன், சி சார்ப் முதலிய மொழிகளில் இறக்குமதி செய்யும்போதே மாற்றுப்பெயர் சூட்டிக்கொள்ள இடமுண்டு. ஜாவா தொடக்கத்திலிருந்து இதனை மறுத்தே வந்துள்ளது. மறுப்புக்கு ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. ஒவ்வொருவரும் தாம் விரும்பிய மாற்றுப்பெயரைச் சூட்டினால் ஒரே வகுப்பு கோப்புக்கொரு பெயரில் உலவும். வாசிப்போர் மயங்குவர் என்பது அந்நியாயம். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் மாற்றுப்பெயர் கோப்பின் தலைப்பிலேயே எழுத்தில் நிற்பது. வாசிப்போர் அதனைக் காணலாம். காணக்கூடிய மயக்கத்தை விலக்கிவிட்டுக் காணமுடியாத மறைப்பை அனுமதிப்பது முறையான இலக்கணம் ஆகாது என்பது என் கருத்து.

அண்மைக் கால மாற்றங்களையும் இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும். 2025 செப்டெம்பரில் வெளிவந்த இருபத்தைந்தாம் பதிப்பு, பொதிகள் பலவற்றை உள்ளடக்கிய மொடியூல் ஒன்றை முழுமையாக ஒரே வரியில் இறக்குமதி செய்ய இடமளித்தது. அத்துடன், தொடக்க மாணவருக்கென வகுப்பு அறிவிப்பே இல்லாமல் எழுதப்படும் சிறு கோப்புகளில் ‘ஜாவா.பேஸ்’ மொடியூல் வெளிவிடும் பொதிகள் எல்லாம் எழுதாமலே இறக்குமதியானவையாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு பொதிக்கு இருந்த சலுகை இப்போது பல பொதிகளுக்கு விரிந்துள்ளது. ‘ஜாவா.பேஸ்’, ‘ஜாவா.டெஸ்க்ரொப்’ ஆகிய இரு மொடியூல்களையும் ஒருவர் இறக்குமதி செய்தால், 1998 இன் பழைய வழக்கு மீண்டும் எழும்: ‘லிஸ்ற்’ எது?

ஆயினும் இம்முறை வகுத்தோர் பழைய அனுபவத்திலிருந்து கற்றுள்ளனர் எனலாம். மொடியூல் இறக்குமதிக்கு அவர்கள் யாவற்றிலும் தாழ்ந்த படியையே கொடுத்தனர். உடுக்குறி இறக்குமதிகூட அதனை மறைக்கும். ஆகவே ‘ஜாவா.யூற்றில்’ பொதியை உடுக்குறியால் மேலும் ஒருமுறை அழைத்தாலே ஐயம் நீங்கும். எவ்வளவு பரந்ததோ அவ்வளவு வலிமை குறைந்தது; எவ்வளவு குறிப்பானதோ அவ்வளவு வலிமை மிக்கது என்னும் ஒழுங்கு இங்கு தெளிவாக அமைந்துள்ளது. மேலும், திரையில் எழுதுவதற்கான செயற்கூறுகளை அச் சிறு கோப்புகளில் எவ்வித முன்னொட்டுமின்றிப் பயன்படுத்தலாம் என்று முன்னோட்டப் பதிப்புகளில் இருந்த ஏற்பாட்டை இறுதியில் அவர்களே கைவிட்டனர். ‘ஐ.ஓ’ என்னும் வகுப்பின் பெயரைச் சொல்லியே அவற்றை அழைத்தல் வேண்டும் என்றாக்கினர். அதேவேளை அந்த ‘ஐ.ஓ’ வகுப்பை ‘ஜாவா.லாங்’ பொதிக்குள் வைத்தமையால், சொல்லாமல் வந்து நிற்கும் பெயர்களின் தொகையில் இன்னொன்று கூடியது. ஒரு கையால் விலக்கியதை மறு கையால் சேர்த்துக்கொண்டனர் என்று கூறுவதில் தவறில்லை.

பெயர்ப் பிரச்சினை இலக்கணத்தோடு முடிந்துவிடுவதுமில்லை, உடைமையோடும் தொடர்புடையது. வகுப்புப் பெயர்கள் மோதாதிருக்க ஜாவா வகுத்த பெருவழி, நிறுவனங்கள் தம் இணையத்தளப் பெயரைத் தலைகீழாக்கிப் பொதிக்குப் பெயராக இடுதல். ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் முன்வர இயற்பெயர் பின்வரும் நம் வழக்கத்தை இது ஒத்தது. இதனால் தனித்தன்மை கிடைக்கிறது என்பது உண்மை. ஆயின் உடைமை மாறும்போது பெயர் மாறுமா? சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தை ஒராக்கிள் நிறுவனம் 2010 இல் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்றும் ஜாவாவின் உள்ளே சன் என்ற பெயரைத் தாங்கிய பொதிகள் வாழ்கின்றன. தந்தை மாறினும் முன்னெழுத்து மாறவில்லை.

மாறாக, பெயரை விட்டுக்கொடுக்க நேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. பெரு நிறுவனச் செய்நிரல்களுக்கான ஜாவாவின் பகுதியை ஒராக்கிள் 2017 இல் எக்லிப்ஸ் பவுண்டேசனிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஆனால் ஜாவா என்ற வணிகப் பெயரை ஒப்படைக்கவில்லை. 2018 இல் அப்பகுதிக்கு ‘ஜக்கார்த்தா’ என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. ‘ஜாவாஎக்ஸ்’ எனத் தொடங்கும் பொதிப் பெயர்களின்கீழ் புதிதாக எதனையும் வளர்க்க உரிமை கிடையாமையால், 2020 இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அப்பகுதியின் பொதிகள் ‘ஜக்கார்த்தா’ எனத் தொடங்குமாறு மாற்றப்பட்டன. தொழிலில் எவ்வித மாற்றமும் இல்லை. பெயர் மட்டுமே மாறியது. அதன் பயனாக அவற்றைப் பயன்படுத்திய செய்நிரல்கள் புதிய பதிப்புக்கு மாறுகையில் தம் இறக்குமதி வரிகளைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜாவா என்ற பெயரே இத்தகைய ஒரு மோதலிற் பிறந்தது என்பது நினைவுகூரத்தக்கது. ஜேம்ஸ் கொஸ்லிங் முதலில் தம் மொழிக்கு இட்ட பெயர் ‘ஓக்’. அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராய் இருந்தமையால் 1995 இல் அது ஜாவா ஆயிற்று. தானே பெயர் முரண்பாட்டிற் பிறந்த மொழி, அம்முரண்பாட்டைத் தன்னுள்ளும் சுமந்து திரிகிறது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தொக்கு நிற்றல் எல்லாம் தீது என்று வாதிடுவது என் நோக்கமன்று. எம்மொழியும் சொல்லாமல் விடப்படுவனவற்றின்மீதே நிற்கிறது. ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்லும் மொழியைப் பேசவும் இயலாது, வாசிக்கவும் இயலாது. ஆயின் தொக்கு நிற்பது நேர்மையுடையதாய் இருக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும். சொல்லாமல் விடப்படுவது எது என்பது வரையறுக்கப்பட்டதாய் இருத்தல் ஒன்று. சொல்லப்பட்டதற்கு அது வழிவிடுதல் இரண்டு. இரண்டும் மோதும்போது அம்மோதல் வெளிப்படையாக அறிவிக்கப்படுதல் மூன்று. இவ்வளவுகோலால் அளக்குமிடத்து ஜாவா இரண்டாவதில் முற்றாகத் தேறுகிறது. முதலாவதில் தவறுகிறது; சலுகை பெற்ற பெயர்களின் பட்டியல் பதிப்புதோறும் வளர்கிறது. மூன்றாவதிற் பாதியே தேறுகிறது; ஒரே படியில் நிகழும் மோதலை அறிவிக்கிறது, படிகளுக்கிடையே நிகழும் மோதலை மறைக்கிறது.

மறைப்பு விதியை முற்றாக நீக்கலாகாது என்பதையும் உணர்கிறேன். அது இல்லையெனில் மொழியில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெயரும் பழைய செய்நிரல்களை உடைக்கும். ஆனால் மறைத்தலும் மறைத்ததைச் சொல்லாதிருத்தலும் ஒன்றல்ல. ‘நீர் எழுதிய இப்பெயர் அங்குள்ள அப்பெயரை மறைக்கிறது’ என்று தொகுப்பி எச்சரிக்கையாவது செய்யலாம். வீணைத் தந்தியை எழுதிய மாணவருக்கும், இரவல் நேரத்தை இழந்த நூலகருக்கும் அந்த ஒரு வரி போதுமானதாய் இருந்திருக்கும்.

கருவியை வகுப்போர் மாறும்வரை எழுதுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தம் கோப்பில் எப்பெயரையும் பெயர் சொல்லியே அழைப்பதும், பொதுச் சொற்களைத் தம் வகுப்புகளுக்குப் பெயராக இடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் அது. வரிகள் சில கூடும். ஆனால் நாளை அக்கோப்பைத் திறப்பவர், நாம் எழுதிய சொல்லுக்கு நாம் கருதிய பொருளையே காண்பார். எழுதுவோர் வாசிப்போருக்குச் செய்ய வேண்டிய முதற் கடமை அதுவேயாகும்.